பிட்காயின் பங்குச் சந்தையோடு சேர்ந்து ஆடுகிறதா? விரிதாளில் நாமே கணக்கிட்டுப் பார்க்கும் முறை

பங்குச் சந்தை விழுந்தாலும் பிட்காயின் விழாது, அது தனித்து நிற்கும் சொத்து என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொன்னதைச் சரிபார்க்கத்தான் நான் விரிதாளைத் திறந்தேன். ஒரு மாலையில் முடியும் என்று நினைத்த வேலை இரண்டு வாரம் இழுத்தது. இரண்டு படிகளை முன்பின்னாக மாற்றிச் செய்ததே அதற்குக் காரணம். இந்தப் பயிற்சிக்கு ஒரு ரூபாய்க்குக்கூடக் கிரிப்டோ வாங்கத் தேவையில்லை. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி உண்டு, நட்டத்தையோ வேறு எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது என்பதால், வாங்கிப் பார்த்துக் கற்றுக்கொள்வது செலவு பிடித்த பாடமாகிவிடும்.

படி 1: மூன்று பிளாக்குகளைத் திறந்து பாருங்கள்

பிளாக்செயின் (பரிவர்த்தனைகளைப் பிளாக் என்ற தொகுப்புகளாக வரிசையாகக் கோத்து வைக்கும் பொதுப் பதிவேடு) என்றால் என்ன என்று பத்துக் காணொளிகள் பார்ப்பதைவிட, பிட்காயின் பிளாக்குகளைக் காட்டும் மெம்பூல் ஸ்பேஸ் தளத்தில் மூன்று பிளாக்குகளைத் திறப்பது மேல். (வேறு தளங்களும் உண்டு, விளம்பரம் இல்லாததால் எனக்கு இதுவே பிடிக்கும்.) முதலில் 0 என்று தேடுங்கள். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக் வரும். அதிலுள்ள ஒரே பரிவர்த்தனையின் விவரங்களை விரித்தால், வங்கிகளுக்கு அரசு இரண்டாம் முறையாகக் கைகொடுக்கப்போவதைச் சொல்லும், அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தி உள்ளே பதிந்திருப்பதைக் காணலாம். வங்கி அமைப்புக்கு வெளியே நிற்பது என்ற பேச்சின் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்து 839999, 840000 ஆகிய இரண்டையும் அருகருகே திறங்கள். ஒவ்வொரு பிளாக்கையும் பதிவேட்டில் சேர்க்கும் போட்டியில் வெல்பவருக்குப் புதிய நாணயங்கள் கிடைக்கும்; 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை இந்தப் புதிய நாணய வரவு பாதியாகும். 2024 ஏப்ரலில் வந்த 840000ஆம் பிளாக்கில் அது 6.25இலிருந்து 3.125 ஆனது. ஆனால் அந்தப் பிளாக்கை வென்றவருக்குக் கிடைத்த மொத்தம் 40 பிட்காயினுக்கு மேல் என்று தளம் காட்டும். நான் தவறான பிளாக்கைத் திறந்துவிட்டேன் என்றே நினைத்தேன். அந்தப் புகழ்பெற்ற பிளாக்கில் இடம்பிடிக்க முண்டியடித்தவர்கள் கட்டிய கட்டணம் மட்டுமே 37 பிட்காயினைத் தாண்டியிருந்தது. புதிய வரவு வேறு, கட்டணம் வேறு.

படி 2: விலைகளை இறக்குங்கள்

பைத்தான் நிரல் எழுத வேண்டாம். தொடங்குபவருக்குக் கூகுள் ஷீட்ஸ் போதும். ஒவ்வொரு எண்ணும் கண்ணெதிரே இருக்கும். அதிலுள்ள கூகுள்ஃபைனான்ஸ் என்ற சார்பை (ஃபங்ஷன்) கொண்டு, 2017 முதல் 2021 வரையிலான பிட்காயின் டாலர் விலையையும், அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்தொடரும் எஸ்.பி.ஒய். நிதியின் விலையையும் தினசரி வரிசைகளாகத் தனித்தனித் தாள்களில் இறக்குங்கள்.

தேதியோடு நேரமும் ஒட்டிக்கொண்டு வரும். பங்குக்கு மாலை 4 மணி என்றும், பிட்காயினுக்கு நள்ளிரவை ஒட்டிய நேரம் என்றும் இருப்பதால், ஒரே நாளாக இருந்தும், ஒரு தாளின் தேதியை மற்றொன்றில் தேடியெடுக்கும் விலுக்அப் சார்பு இரண்டையும் பொருத்தாமல் பிழை காட்டும். பக்கத்து நெடுவரிசையில், முழு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும் இன்ட் சார்பைப் போட்டு நேரத்தை வெட்டிவிட்டால் சரியாகிவிடும்.

படி 3: முதலில் தேதியைப் பொருத்துங்கள், பிறகு மாற்றத்தைக் கணக்கிடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். முதல் தடவை விலைகளுக்கு இடையிலேயே ஒட்டுறவு (இரண்டு வரிசைகள் எவ்வளவு சேர்ந்து அசைகின்றன என்று சொல்லும் எண்; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுதும் சேர்ந்தே அசைகின்றன) கண்டேன். ஒன்றை நெருங்கிய எண் வந்ததும் மகிழ்ந்துபோனேன். அது வெறும் மாயை. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே வந்த எந்த இரண்டு வரிசைகளும் அப்படித்தான் காட்டும். வீட்டுத் தென்னையின் உயரத்தையும் பால் விலையையும் சேர்த்தால்கூட அந்த எண் வரும். விலையை விட்டுவிட்டு, முந்தைய நாளைவிட எத்தனை சதவீதம் மாறியது என்பதையே ஒப்பிட வேண்டும்.

அதைப் புரிந்துகொண்ட பிறகும் இரண்டாவது பள்ளத்தில் விழுந்தேன். பிட்காயினுக்கு விடுமுறை கிடையாது. பங்குச் சந்தைக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. நான் பிட்காயினின் ஏழு நாள் மாற்றங்களையும் கணக்கிட்டுவிட்டு, பிறகு சனி, ஞாயிறு வரிசைகளை நீக்கினேன். விலை வெள்ளியன்று 100, சனியன்று 104, ஞாயிறன்று 97, திங்களன்று 98 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் முறையில் திங்கள்கிழமை மாற்றம் ஏறத்தாழ 1 சதவீத ஏற்றம். பங்கின் திங்கள்கிழமை மாற்றமோ வெள்ளியிலிருந்து கணக்காகிறது. அதே அளவுகோலில் பிட்காயின் 2 சதவீதம் இறங்கியிருக்கிறது. ஏற்ற இறக்கமே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே பங்குச் சந்தை நடந்த தேதிகளை மட்டும் எடுத்து, அந்தத் தேதிகளுக்குப் பிட்காயின் விலையைப் பொருத்திய பிறகே சதவீதத்தைக் கணக்கிடுங்கள்.

படி 4: கோரெல் சார்பு

இரண்டு மாற்ற வரிசைகளையும், ஒட்டுறவைக் கணக்கிடும் கோரெல் சார்பில் கொடுங்கள். 2017 முதல் 2019 வரை ஒரு தடவை, 2020–21க்கு ஒரு தடவை எனப் பிரித்துப் பாருங்கள். பன்னாட்டு நாணய நிதியம் 2022 ஜனவரியில் வெளியிட்ட கணக்கில் முதல் காலத்துக்கு 0.01, இரண்டாவதற்கு 0.36 என்று இருக்கிறது. உங்கள் விடை இவற்றை ஒட்டி வந்தால் தாள் சரி.

இனி ஒவ்வொரு நாளுக்கும் அதுவரையிலான 60 நாள் ஒட்டுறவைக் கணக்கிட்டு வரைபடம் போட்டால் 2020 மார்ச்சில் கோடு எகிறுவதைக் காணலாம். மார்ச் 12 அன்று எஸ் அண்ட் பி 9.5 சதவீதமும், நம் நிஃப்டி 8 சதவீதத்துக்கு மேலும் விழுந்தன. பிட்காயின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தது. பணத்தேவை வந்தவர்கள் கையிலிருந்த எல்லாவற்றையும் விற்றார்கள். உறவினர் சொன்னது 2019 வரை ஓரளவு உண்மை. அதன் பிறகு இல்லை.

பிற்சேர்க்கை: நிஃப்டியோடு ஒப்பிட்ட ஒரு வாசகருக்குத் தொடர்பே இல்லை என்று விடை வந்தது. நிஃப்டி பிற்பகல் 3.30க்கு முடிகிறது, பிட்காயினின் நாளோ உலகப் பொது நேரப்படி முடிவதால், நமக்கு மறுநாள் காலை 5.30 ஆகிவிடுகிறது. இந்தப் பதினான்கு மணி நேர இடைவெளியில் நியூயார்க் சந்தையே திறந்து மூடிவிடும். நிஃப்டிக்கு வாராந்திர மாற்றங்களைப் பயன்படுத்துங்கள்.

மற்றொருவர் வேறு தளத்திலிருந்து விலைக் கோப்பை இறக்கியபோது, ஒவ்வொரு மாதமும் 13ஆம் தேதி முதல் பிழையாகவே வந்தது. கோப்பு அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னே வைத்திருந்தது. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் ஷீட்ஸ் அவற்றை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டது. முதல் 12 நாட்களோ சத்தமில்லாமல் வேறு மாதங்களுக்குப் போய்விட்டன. கோப்பை ஏற்றுவதற்கு முன்பே அமைப்புகளில் நாட்டை அமெரிக்கா என்று மாற்றிக்கொள்ளுங்கள்; ஏற்றிய பிறகு மாற்றினால் பழைய வரிசைகள் திருந்துவதில்லை.