படத்தையும் குறிப்பையும் கொண்டு பிரபலங்களைக் கண்டறிவது எப்படி?

வினாடி வினாவில் ஒருவரது படத்தையும் அவரைப் பற்றிய சில குறிப்புகளையும் தந்து, அவர் யார் என்று கேட்பதுண்டு. படத்தைக் கண்டதும் முகத்தை ஆராயத் தொடங்காமல், முதலில் அது எடுக்கப்பட்ட காலத்தையும் படத்தில் இருப்பவர் அணிந்துள்ள உடையையும் கவனிக்க வேண்டும். உடையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. தலைப்பாகை கட்டியவரைப் பார்த்தவுடன் சர் சி. வி. ராமன் என்று எழுதிவிடுவோர் பலர்; குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணனும் பொறியாளர் விசுவேசுவரய்யாவும் தலைப்பாகை அணிந்தவர்களே. பிறந்த நாள் செப்டம்பர் 5 என்றிருந்தால் முன்னவர், செப்டம்பர் 15 என்றிருந்தால் பின்னவர், நவம்பர் 7 என்றிருந்தால் ராமன்.

குறிப்புகளைப் படிக்கும்போது, பலருக்குப் பொருந்துவதை ஒதுக்கிவிட்டு, ஒருவருக்கு மட்டுமே பொருந்துவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற தமிழர்' என்பது 1930இல் பரிசு பெற்ற ராமனுக்கும், 1983இல் பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் ஒருசேரப் பொருந்தும் என்பதால், 'லாகூரில் பிறந்தவர்' என்ற அடுத்த வரிதான் விடையைச் சந்திரசேகர் என உறுதிசெய்கிறது. (ராமன் இவருக்குச் சித்தப்பா என்பதையும் வினா தயாரிப்போர் விட்டுவைப்பதில்லை.) பிறந்த ஊர், வளர்ந்த ஊர் ஆகியவற்றைக் குழப்பிக்கொள்வதும் வழக்கம்: கணித மேதை ராமானுஜனைக் கும்பகோணத்துக்காரர் என்றே பலரும் அறிவர், ஆயினும் அவர் பிறந்தது ஈரோட்டில். ஊகித்த பெயரோடு ஒரு குறிப்பேனும் முரண்பட்டால், மற்றவை எவ்வளவு பொருந்தினாலும் அப்பெயரைக் கைவிட்டுவிட வேண்டும்.