விழப்போகிற பல்தானே!

அக்கா மகனுக்கு நாலரை வயதில் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கருப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. "பால் பல்தானே, தானா விழுந்துடும்" என்றார்கள் வீட்டில். நானும்தான் சொன்னேன். எட்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி, கன்னம் வீங்கி, காய்ச்சலோடு அழுதுகொண்டிருந்தான்.

அந்தப் பல் விழுவது 10, 12 வயதில்தான். முன்பல் ஆறேழு வயதில் ஆடி விழுவதைப் பார்த்துவிட்டு, இருபது பால் பல்லும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். கடைவாய்ப் பால் பல்லை வைத்துக்கொண்டு பிள்ளை இன்னும் ஐந்தாறு வருடம் சோறு மென்றாக வேண்டும். அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். முன்னதாகவே போய்விட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். புதுப் பல் கோணலாக முளைக்கும்.

இன்னொரு ஏமாற்றம் 6 வயதில் நடக்கும். எந்தப் பல்லும் விழாமலே, பால் பல் வரிசைக்குக் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிரந்தரப் பல், அதற்குப் பிறகு மாற்றுப் பல் கிடையாது. பலர் அதையும் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அதன் பள்ளங்கள் ஆழமானவை, சாப்பாடு போய் ஒட்டிக்கொள்ளும். சொத்தை வருமுன்னே அந்தப் பள்ளங்களை அடைக்கப் பல் மருத்துவர்கள் ஒரு பூச்சு போடுவார்கள், வலியே இருக்காது.

வலி வரட்டும், பார்க்கலாம் என்பதும் தப்புக் கணக்கு. பல்லின் மேல் ஓடான எனாமலுக்கு நரம்பு கிடையாது. சொத்தை முதலில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளூரைடு என்ற தாது அதைப் பழையபடி சரியாக்கிவிட முடியும். பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாலே போதும். கூச்சமும் ராத்திரி வலியும் வரும்போது ரொம்பத் தள்ளிப்போயிருக்கும். வலித்த பல் திடீரென்று வலிக்காமல் போனால் சந்தோஷப்படாதீர்கள். உள்ளே நரம்பு செத்திருக்கலாம். அப்புறம் ஈறில் சீழ்க்கொப்புளம் வரும்.

சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு தூங்க வைப்பதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடும், அதைக் கழுவும் எச்சில் தூக்கத்தில் குறைந்துவிடும். மேல் முன்பற்கள் நான்கும் வரிசையாகக் கரைவது அதனால்தான். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பிக்கும்.

"நான் சாக்லேட்டே வாங்கித் தர்றதில்ல" என்பவர் வீட்டில் பையன் மணிக்கு ஒரு பிஸ்கட் கடித்துக்கொண்டிருப்பான். எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு கடிக்கும் வாயில் அமிலம் ஏறி இறங்க அரைமணி நேரம் ஆகும்.

மூன்று வயதுக்குள் அரிசி அளவு பேஸ்ட், ஆறு வரை பட்டாணி அளவு. ஃப்ளூரைடு 1,000 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகமுள்ள ஊர்களில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ராத்திரி துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் பேஸ்ட்டின் பலன் போய்விடும். ஏழெட்டு வயது வரை நீங்களே துலக்கிவிடுங்கள்.

கைவைத்தியத்தில் கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் வலியை மரத்துப்போகச் செய்யும். பிள்ளைகள் ஈறில் கொட்டினால் புண்ணாகிவிடும். பல்லில் பூச்சி எடுக்கப் புகை போடுகிறவர்களிடம் போகவே போகாதீர்கள். பல்லுக்குள் பூச்சியே கிடையாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

அக்கா மகனின் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கினார்கள். இடம் அடைபடாமல் இருக்கப் பக்கத்துப் பல்லில் ஒரு கம்பி வளையம் மாட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் வாயைத் திறந்து அதைக் காட்டுகிறான்.