டேட்டாபேஸில் தேதியைச் சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

04/03/2024 என்று ஒரு தேதி வருகிறது. மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? பார்க்கிற நமக்கே தெரியாதபோது டேட்டாபேஸுக்கு மட்டும் எப்படித் தெரியும்? தன் செட்டிங்கில் இருக்கிற வரிசைப்படி ஏதோ ஒன்றாக எடுத்துக்கொள்ளும். மாதம் முன்னால் வரும் செட்டிங்கில் 25/03/2024 என்றால் 25-வது மாதம் கிடையாது, எரர் வந்து அங்கேயே மாட்டிவிடும். ஆனால் 12-ஆம் தேதி வரை சத்தமே இல்லாமல் நாளும் மாதமும் இடம் மாறி உள்ளே போய்விடலாம், அப்புறம் எந்த ரெக்கார்டு சரி, எது தப்பு என்று பிரிக்கவே முடியாது.

அதனால் முதல் வேலை, தேதியை எழுத்தாக ஒட்டி இன்சர்ட் (ரெக்கார்டு சேர்க்கும் கட்டளை) வரியைக் கட்டுவதை நிறுத்துங்கள். தேதி எந்த வடிவத்தில் வருகிறது என்று உறுதியாகத் தெரிந்த இடம் அதை வாங்குகிற இடம்தான், அங்கேயே வடிவத்தைச் சொல்லி உங்கள் மொழியின் தேதி ஆப்ஜெக்ட்டாக மாற்றி, பாராமீட்டராக, அதாவது கட்டளையோடு ஒட்டாத தனி மதிப்பாக, அனுப்பிவிடுங்கள். மிச்சத்தை டிரைவர் (புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்) பார்த்துக்கொள்ளும், எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (உள்ளீட்டில் கட்டளையை நுழைத்து ஏமாற்றுவது) தொல்லையும் இல்லை.

கையால்தான் எழுத வேண்டும் என்றால் ஐஎஸ்ஓ 8601 முறை: '2024-03-04'. ஆண்டு, மாதம், நாள், மேற்கோள்குறியோடு. அந்தக் குறியை விட்டால் என்ன ஆகும் பாருங்கள்: 2024-ல் 3 போய், 4 போய், 2017 என்று கணக்குப் போட்டுவிடும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் ஃபீல்டு அதை 1900 ஜனவரி 1-லிருந்து 2017 நாள் என்று எடுத்துக்கொண்டு 1905 ஜூலை 11-ஐச் சேமிக்கும், எரர்கூட வராது. அதே டேட்டைம், நாள் முன்னால் வரும் செட்டிங்கில் '2024-03-04'-ஐ ஏப்ரல் 3 என்று படிக்கும் என்பதால் அங்கே மட்டும் கோடில்லாமல் '20240304' என்று கொடுங்கள். ஆரக்கிளில் எழுத்தைத் தேதியாக்கும் டூ_டேட் ஃபங்ஷனைப் போட்டு வடிவத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது.

சரி, எந்த டைப்? இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். பிறந்த நாள் என்பது வெறும் நாள், அதற்கு நேரமும் கிடையாது, டைம்சோனும் கிடையாது, டேட் டைப் போதும். அதை ஜாவாஸ்கிரிப்ட்டில் உள்ளூர் நள்ளிரவாக உருவாக்கி, யூடிசி (உலகப் பொது நேரம்) முறைக்கு மாற்றி எழுதும் டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் வழியாக அனுப்பினால், யூடிசிக்குக் கிழக்கே இருக்கிற எல்லோருக்கும் ஒரு நாள் முன்னால் பதிவாகும். பணம் கட்டியது, லாகின் செய்தது மாதிரி நடந்து முடிந்த தருணங்களை யூடிசியில் வையுங்கள், காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் என்றால் டைம்ஸ்டாம்ப்டிஇசட் டைப். அது நீங்கள் கொடுத்த டைம்சோனை வைத்துக்கொள்ளாது, யூடிசிக்கு மாற்றித்தான் சேமிக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அடுத்த ஆண்டுக் கூட்டம் போல இனி நடக்கப்போவதற்கு உள்ளூர் நேரத்தையும் டைம்சோன் பெயரையும் தனித்தனியாக வைப்பதே என் சிபாரிசு, ஏனென்றால் நடுவில் நேர விதிகள் மாறக்கூடும். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19-ஓடு நின்றுவிடும், அதைத் தாண்டும் தேதிகளுக்கு மைஎஸ்க்யூஎல்லிலேயே இருக்கிற டேட்டைம் டைப்பை எடுங்கள்.

தேதி தெரியாவிட்டால் நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி). காலி எழுத்து வேண்டாம், '0000-00-00' வேண்டவே வேண்டாம், 1900-01-01 என்று பொய்த் தேதியும் வேண்டாம், வயதுக் கணக்கு முழுக்கப் பாழாகும். ரெக்கார்டு உருவான நேரத்தை நீங்கள் அனுப்பாமல் ஃபீல்டின் டீஃபால்ட்டாக கரன்ட்_டைம்ஸ்டாம்ப் என்று விட்டுவிடுங்கள். எஸ்க்யூஎல்லைட்டில் தேதிக்கென்று தனி டைப்பே இல்லை, எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், அங்கே சரிபார்ப்பது முழுக்க உங்கள் புரோகிராமின் பொறுப்பு.

சோதிக்கும்போது 25, 30 என்று பெரிய நாள்களைப் போட்டுத் திருப்திப்படாதீர்கள். 2024 மார்ச் 4-ஐச் சேர்த்துவிட்டு, செலக்ட்டில் மாத எண்ணை மட்டும் எடுத்துப் பாருங்கள், 3 வர வேண்டும். 2024-02-29 உள்ளே போக வேண்டும், 2023-02-29 எரர் கொடுக்க வேண்டும்.