ஜிம்ப்பில் நன்றாக இருந்த படம் பிரின்ட்டில் ஏன் கறுக்கிறது?

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் எடுத்த படம் திரையில் பளிச்சென்று இருக்கும், பிரின்ட் போட்டால் தேர் மொத்தமும் இருட்டாக வரும், உடனே ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளைத் திறந்து படத்தை வெளுக்க ஆரம்பித்துவிடுவோம். தயவுசெய்து வேண்டாம். கோளாறு படத்திலா, திரையிலா, பிரின்டரிலா என்று தெரியாமல் கை வைத்தால் நல்ல படமும் கெட்டுப்போகும்.

முதலில் பிரின்டரைப் பாருங்கள். அதன் மென்பொருளில் நாசில் செக் என்று, மை வரும் துளைகளைச் சோதிக்க ஒன்று இருக்கும், சாதாரணத் தாளில் எடுத்தால் போதும். கோடுகள் விட்டுவிட்டு வந்தால் அந்த நிறத்தின் மை அடைத்திருக்கிறது. மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு மை வராவிட்டால் முகம் பச்சையடிக்கும், சயன் என்கிற வெளிர்நீல மை வராவிட்டால் சிவப்படிக்கும், மஞ்சள் வராவிட்டால் நீலம் தட்டும். இதை ஜிம்ப்பில் எவ்வளவு திருத்தினாலும் சரியாகாது. அதே மென்பொருளில் துளைகளைச் சுத்தம் செய்யும் ஹெட் கிளீனிங்கை ஒன்றிரண்டு முறை கொடுங்கள், அதற்கு மேல் கொடுத்தால் மைதான் வீண். நம் ஊர் வெயிலில் வாரக்கணக்கில் சும்மா கிடக்கிற இங்க்ஜெட் பிரின்டரில் மை காய்வது சகஜம், அதனால் வாரம் ஒரு கலர்ப் பக்கமாவது எடுத்துவிடுங்கள். அப்புறம், போட்டோ பேப்பரை வைத்துவிட்டு செட்டிங்கில் பிளெய்ன் பேப்பர் என்றே விட்டிருந்தால் நிறம் செத்துப்போய் வரும், அதையும் மாற்றுங்கள்.

அடுத்தது திரை. திரையின் வெளிச்சத்தை முழுதாக வைத்துப் படம் திருத்தினால் பிரின்ட் கறுப்பாகத் தெரியத்தான் செய்யும், ஏனென்றால் திரை தானே ஒளி விடுகிறது, தாள் அறையின் வெளிச்சத்தைத் திருப்பித்தான் தருகிறது. ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளையும் தாளின் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பாதிப்பேருக்குப் பிரச்சினை இங்கேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் படம் மங்கலாக இருந்தால்தான் திருத்தம். ஷிஃப்ட், கன்ட்ரோல், டி மூன்றையும் அழுத்திப் படத்தின் லேயரை, அதாவது அடுக்கை, நகலெடுத்துக்கொண்டு கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறங்கள். மலை மாதிரி ஒரு வரைபடம் வரும். இடக்கோடியில் உள்ள முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும் வலக்கோடியில் உள்ளதை அது முடியும் இடத்துக்கும் நகர்த்தினாலே பழைய படங்களின் மங்கல் பெரும்பாலும் போய்விடும். நடு முக்கோணத்தை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளினால் முகம் தெளியும். கொஞ்சம்தான். நம் ஆட்களின் நிறத்தை வெளுத்துக் காட்டுவதற்குப் பெயர் திருத்தம் இல்லை, தாத்தா மாநிறம் என்றால் படத்திலும் மாநிறமாகவே இருக்கட்டும். தேர்ப் படம் போல வானம் வெளுத்துக் கீழே இருட்டாக இருந்தால் அதே கலர்ஸ் மெனுவில் ஷேடோஸ் ஹைலைட்ஸில் ஷேடோஸை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

மஞ்சள் தட்டுகிற படத்துக்கு லெவல்ஸில் உள்ள மூன்று ட்ராப்பர்களில், அதாவது சொட்டுக்குழாய் மாதிரியான குறிகளில், நடுவில் உள்ளதை எடுத்து உண்மையில் சாம்பல் நிறமான ஒன்றின் மேல் சொடுக்க வேண்டும். சிமென்ட் தரை, நிறம் பூசாத கல் தூண் நன்றாக வேலை செய்யும். வேட்டியின் மேல் சொடுக்காதீர்கள், சொட்டுநீலம் போட்ட வேட்டியில் நீலம் இருக்கும், அதை ஜிம்ப் ஈடுகட்டப் போய்ப் படம் இன்னும் மஞ்சளாகிவிடும்.

அளவு விஷயம் சுருக்கம்தான். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்தால் ஸ்டுடியோக்காரர்கள் மேக்சி என்று சொல்கிற 6க்கு 4 அங்குல பிரின்ட்டுக்கு 1800க்கு 1200 பிக்சல் வேண்டும், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வந்திருக்கும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போன் படம் பெரும்பாலும் 4க்கு 3 விகிதம், மேக்சி 3க்கு 2. நீங்களே கிராப்பில் விகிதத்தை 3:2 என்று பூட்டி வெட்டாவிட்டால் பிரின்டர் தன் இஷ்டத்துக்கு ஓரத்தில் நிற்பவர் தோளை வெட்டும். ஜங்ஷன் பக்கம் ஏதாவது ஸ்டுடியோவில் கொடுப்பதாக இருந்தால் எக்ஸ்போர்ட் ஆஸில் ஜேபெக்காகச் சேமியுங்கள், ஜிம்ப்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பு அங்கே பெரும்பாலும் திறக்காது. வீட்டிலேயே போடுவதென்றால் முகம் இருக்கிற பகுதியை மட்டும் சின்னத் துண்டாக வெட்டி அதே தாளில் எடுத்து, மை காய்ந்ததும் வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முழுப் படத்தைப் போடுங்கள்.