கணக்கு முடித்த கையோடு எழுத வேண்டிய நன்றிக் கடிதம்

நம் ஊரில் சிறுதொழில் செய்பவருக்கு ஆண்டு முடிவது டிசம்பரில் அல்ல, மார்ச் 31-இல்தான். ஆகவே வாடிக்கையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுத ஏப்ரல் முதல் வாரமே உகந்தது.

முதலில் பில் புத்தகத்தையும் ஆர்டர் நோட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு மாதவாரியாகப் புரட்டுங்கள். தொகையை மட்டும் பார்க்காமல், யார் மறுபடி வந்தார், யாருடைய வேலையில் நாம் தவறினோம், யார் பொறுத்துக்கொண்டார் என்பதை அவரவர் பெயருக்கு நேரே ஒரு வரியில் குறியுங்கள். கடிதத்தின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அச்சகம் நடத்தும் நான், சென்ற ஆண்டு ஒரு திருமண அழைப்பிதழில் முகூர்த்த நேரத்தைத் தவறாக அச்சிட்டுவிட்டேன். இரவோடு இரவாக 400 அழைப்பிதழ்களையும் மறுபடி அடித்தபோது, மணமகளின் தந்தை கோபித்துக்கொள்ளாமல், எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கி வந்து மெஷின் அருகிலேயே நின்றிருந்தார். அவருக்கு எழுதிய கடிதத்தில் அந்த டீயைத்தான் குறிப்பிட்டேன்.

‘தங்கள் நல்லாதரவுக்கு நன்றி’ என்னும் வாசகம் காலண்டரின் அடியில் இருக்கட்டும், கடிதத்தில் வேண்டாம். பாக்கியை நினைவூட்டுவதோ புதிய விலைப்பட்டியலை இணைப்பதோ கூடவே கூடாது. வசூலுக்கு வந்தவர் கும்பிடு போட்டதுபோல் ஆகிவிடும். பாக்கிக்குத் தனியாகப் போன் செய்யலாம்.

எல்லோருக்கும் கைப்பட எழுத நேரமிராது. நெடுநாள் வாடிக்கையாளர்கள் இருபது பேருக்கு மட்டும் எழுதி, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள். கடன் கொடுத்துத் தாங்கிய பேப்பர் கடைக்காரரையும் அந்த இருபதில் சேர்த்து, சித்திரை முதல் நாளுக்குள் போய்ச் சேரும்படி தபாலில் போட்டுவிடுங்கள்.