மர்ம நாவல் ஏமாற்றிவிட்டதா? திட்டி எழுதும் முன் செய்ய வேண்டியவை

போன வாரம் ஓர் இளையோர் மர்ம நாவலை இரண்டே நாளில் படித்து முடித்தேன். 17 வயதுப் பெண் கதை சொல்கிறாள், அவளுடைய தோழியைக் காணோம், சுற்றியிருக்கிற ஒவ்வொருவரும் எதையோ மறைக்கிறார்கள். முதல் 50 பக்கத்திலேயே கதை என்னை இழுத்துக்கொண்டது. கடைசி 30 பக்கத்தில் எல்லாம் கலைந்துபோனது. அந்தச் சூட்டோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன், மறுநாள் படித்துப் பார்த்தால் அதில் "மொக்கை" என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது, ஏன் மொக்கை என்பது ஓரிடத்திலும் இல்லை. அதை அழித்துவிட்டு நான் செய்த வேலையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில், புத்தகத்தைத் திரும்பப் புரட்டாமல், நினைவிலிருந்து மட்டும் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரைச் சந்தேகப்பட்டீர்கள், எந்த இடத்தில் சந்தேகப்பட ஆரம்பித்தீர்கள், எங்கே ஆர்வம் வடிந்தது. இதை உடனே செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரு வாரம் போனால் "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனது கதை கட்ட ஆரம்பித்துவிடும். அப்புறம் ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

அடுத்தது மறுவாசிப்பு. முழுதும் வேண்டாம். முதல் மூன்று அத்தியாயம், குற்றவாளி தலைகாட்டும் காட்சிகள், உண்மை உடையும் இடத்துக்கு முந்தைய அத்தியாயம், இவ்வளவு போதும். முடிவு தெரிந்தபின் படிக்கும்போது, ஆசிரியர் துப்பை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு நம் கவனத்தை வேறு பக்கம் திருப்பினாரா, அல்லது துப்பையே கொடுக்காமல் கடைசியில் பையிலிருந்து எடுத்தாரா என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். முன்னது திறமை, பின்னது ஏமாற்று.

இந்த வித்தியாசம் நான் கண்டுபிடித்ததில்லை. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்கிற ஆங்கிலேயப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், இந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதி வைத்தார். குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்பு வாசகருக்கும் அப்போதே கிடைக்க வேண்டும், தற்செயலாக எதுவும் வந்து துப்பறிபவருக்குக் கைகொடுக்கக் கூடாது, முன்கூட்டியே சாடை காட்டாமல் இரட்டையரைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது. 1930இல் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப்பில் சேர்ந்த எழுத்தாளர்கள், முக்கியமான துப்பை வாசகரிடம் மறைக்க மாட்டோம் என்று உறுதிமொழியே எடுத்தார்கள். இவற்றை எல்லாரும் மீறியிருக்கிறார்கள், அழகாக மீறி நல்ல நாவல் எழுதியவர்களும் உண்டு, ஆனாலும் "நியாயமாக ஆடினாரா" என்று கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நான் படித்த நாவலையே எடுத்துக்கொள்வோம். 9ஆம் அத்தியாயத்தில் கதைசொல்லிப் பெண் தோழியின் அலமாரியில் ஒரு கடிதத்தைக் கண்டெடுக்கிறாள். படிக்கிறாள். கை நடுங்குகிறது, கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள், அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது நமக்கு 31ஆம் அத்தியாயத்தில்தான் தெரிய வருகிறது. நடுவில் 21 அத்தியாயம் அவள் தலைக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம், பசித்தது, தூக்கம் வரவில்லை, அந்தப் பையன் சிரித்தது என்று எல்லாம் சொல்கிறாள், கடிதத்தை மட்டும் சொல்வதில்லை. தன்னிலையில் சொல்லப்படும் கதையில் இது பெரிய குறை. கதைசொல்லி பொய் சொல்லலாம், மறந்திருக்கலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம், ஆனால் அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும். இங்கே அவளுக்குக் காரணமில்லை, பக்கத்தை நீட்ட வேண்டிய காரணம் ஆசிரியருக்குத்தான் இருந்தது. உங்கள் புத்தகத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள், கிடைத்தால் அத்தியாய எண்ணோடு குறித்து வையுங்கள்.

முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டேன் என்பதை மட்டும் குறையாக எழுதாதீர்கள். 12 முதல் 18 வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதிய புத்தகம் இது, நீங்கள் நூறு மர்மக் கதை படித்தவராக இருந்தால் 60ஆம் பக்கத்திலேயே பிடிபட்ட திருப்பம், 13 வயதுப் பிள்ளைக்கு வாழ்க்கையில் முதல் அதிர்ச்சியாக இருக்கும். அதற்காக "சின்னப் பசங்க புத்தகம்தானே" என்று விட்டுக்கொடுக்கவும் கூடாது, இது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற விஷயம். அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கம் எட்கர் விருதில் இளையோர் நாவலுக்கென்று 1989லிருந்து தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அவ்வளவு மதிப்புள்ள வகை. அந்த வயதுப் பிள்ளைகள் கவனமாகப் படிப்பவர்கள், ஓட்டையை நமக்கு முன்னால் பார்த்துவிடுவார்கள்.

"போலீசிடம் போயிருந்தால் 10 பக்கத்தில் முடிந்திருக்குமே" என்று தோன்றுகிறதா? அவள் போகாததற்குக் கதைக்குள் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். சொன்னால் அண்ணன் மாட்டிக்கொள்வான் என்ற பயம் இருந்தால், சரி, அது பாத்திரத்தின் முடிவு. ஒன்றுமே இல்லையென்றால் தாராளமாக எழுதுங்கள். தொடரின் முதல் பாகமா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும், அவிழாத முடிச்சை அடுத்த பாகத்துக்காக விட்டிருக்கலாம். பின்னட்டையில் "நெஞ்சை உறைய வைக்கும்" என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பதிப்பகத்தின் வேலை, அந்தக் கணக்கை ஆசிரியர் தலையில் கட்ட வேண்டாம்.

இனி எழுதலாம். புத்தகம் ஆரம்பத்தில் என்ன ஆசை காட்டியது என்பதில் தொடங்குங்கள், பிறகு எந்த இடத்தில் கைவிட்டது என்று ஒரே ஒரு காட்சியை வைத்துக் காட்டுங்கள். பத்துக் குறையை வரிசையாக அடுக்குவதைவிட ஒன்றை நன்றாகக் காட்டினால் படிப்பவர் நம்புவார். ஸ்பாய்லர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கொலையாளியின் பெயரைச் சொல்லாவிட்டாலும் "யாரையும் நம்பாதீங்க", "கடைசி ட்விஸ்ட் தலையைச் சுத்த வைக்கும்" என்பதெல்லாம் பாதி விடையைச் சொன்ன மாதிரிதான். மேலே நான் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், உள்ளே என்ன இருந்தது என்று சொல்லவில்லை, ஆனாலும் குறை உங்களுக்குப் புரிந்திருக்கும். அப்புறம், எழுதியதில் ஆசிரியரை டேக் செய்யாதீர்கள். விமர்சனம் வாசகர்களுக்கு.

நன்றாக இருந்ததையும் எழுதுங்கள், நாகரிகத்துக்காக அல்ல, அதைத் தேடும்போதுதான் உண்மையான குறையே அகப்படும். எனக்கு அப்படித்தான் ஆனது. அந்த நாவலில் காணாமல்போன பெண்ணின் அம்மா, மகள் விட்டுப்போன செல்போனுக்கு ராத்திரி ராத்திரி சார்ஜ் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாள். மூன்றே காட்சி, மூன்றும் அவ்வளவு அருமை. பாராட்டி ஒரு வரி எழுதலாம் என்று அவள் வரும் பக்கங்களைத் தேடினேன். உண்மை உடைந்தபின் அவள் வரவே இல்லை. மகளுக்கு என்ன ஆயிற்று என்று அவளிடம் யாரும் வந்து சொல்லும் காட்சிகூட இல்லை, கடைசிப் பக்கம் வரை அந்தப் போன் சார்ஜில்தான் கிடக்கிறது. என் கோபம் கடிதத்தின் மேல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விமர்சனத்தின் முதல் வரியை மாற்றி, அந்த அம்மாவிலிருந்து ஆரம்பித்தேன்.