பழைய காரில எக்ஸோஸ்ட் லீக்கா? இஞ்சின் ஆறியிருக்கேக்க தேடுங்கோ

மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், பீட்டில் எண்டு பழைய கார் வச்சு ஓடுற எல்லாருக்கும் ஒருநாள் இந்தப் புகைக்குழாய் லீக் வரும். காலமை ஸ்டார்ட் பண்ணினா டிக் டிக் எண்டு ஒரு சத்தம், காருக்குள்ள லேசா புகை மணம், உடன வெள்ளவத்தையில இருந்து காலி வீதி ட்ராஃபிக்குக்குள்ளால ஊர்ந்து ஊர்ந்து பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜுக்குப் போவம், அங்க போய்ச் சேரேக்க பாத்தா சத்தம் பாதி இருக்காது. வார்ப்பிரும்பு மெனிஃபோல்ட் (இஞ்சினில இருந்து புகையைச் சேத்து வெளிய எடுக்கிற முதல் குழாய்) சூடேறினா விரியும், விரிஞ்சா சின்ன இடைவெளி தானாவே அடைபட்டுப் போகும், அதுதான் காரணம். மெக்கானிக் கேட்டுப் பாத்திட்டு பின்னால இருக்கிற சைலன்சரை மாத்தி விடுவார், அடுத்த நாள் காலமை திரும்ப அதே டிக் டிக்.

அதால இரவு முழுக்க ஆறின காரை வீட்டு வாசல்லயே வச்சுத் தேடுங்கோ, முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு வாற ஒண்டு ரெண்டு நிமிசம்தான் பெறுமதியான நேரம். கராஜுக்குத்தான் குடுக்கோணுமெண்டா முதல்நாள் பின்னேரமே காரை விட்டிட்டு வாங்கோ, காலமை முதல் ஸ்டார்ட்டை அவர் தன்ர காதால கேக்கட்டும்.

தொடங்க முதல் ஒண்டு. இது சத்தப் பிரச்சினை மட்டுமில்ல. புகையோட வாற விசவாயு கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, ரத்தத்தில இருக்கிற ஹீமோகுளோபினோட ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கொள்ளும். இந்தக் கார்களில அந்த நச்சைக் குறைக்கிற கட்டலிட்டிக் கன்வேர்ட்டரும் கிடையாது. ஓடேக்க தலையிடி, வயித்தைப் பிரட்டுறது, காரணமில்லாத நித்திரை வந்தா லீக்கைக் கண்டுபிடிச்சு திருத்துற வரைக்கும் காரை எடுக்காதேங்கோ, யன்னலைத் திறந்து வச்சா போதுமெண்டு நினைக்காதேங்கோ. செக் பண்ணுறதையும் வெளியில வச்சுத்தான் செய்யோணும், மூடின கராஜுக்குள்ள வேணவே வேணாம். காருக்குக் கீழ போறதெண்டா ஜக்கை மட்டும் நம்பிப் போகக்கூடாது, ஸ்டாண்ட் வச்சு சில்லுக்குக் கட்டை குடுத்திட்டுத்தான்.

முதல்ல இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. மெனிஃபோல்ட் இஞ்சின் தலையோட (சிலிண்டர் ஹெட்) சேருற இடம், மெனிஃபோல்டும் கீழ போற பைப்பும் சேருற கிளாம்ப், பிறகு ஒவ்வொரு ஜொயின்ட். காத்து வெளியேறுற இடத்தில கறுப்பா, இல்லாட்டி சாம்பல் நிறத்தில புகைக்கரி கோடு மாதிரி படிஞ்சிருக்கும். பாதி லீக்குகள் இதிலயே பிடிபடும், ஆனா ஒருத்தரும் பொறுமையா பாக்கிறதில்ல.

அடுத்தது காது. இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, ஒரு மீட்டர் அளவு ரப்பர் ஹோஸ் துண்டை எடுத்து ஒரு முனையை காதுக்குக் கிட்ட பிடிச்சு மற்ற முனையை ஜொயின்ட் ஜொயின்டா கொண்டு போங்கோ, லீக் இருக்கிற இடத்தில சத்தம் பாய்ஞ்சு வரும் (ஃபேனும் பெல்டும் சுத்துது, சாரமோ தொங்குற உடுப்போ போட்டுக்கொண்டு குனியாதேங்கோ). டிக் டிக் எண்டா அது டாப்பெட் (வால்வைத் தள்ளுற பகுதி) சத்தமாயும் இருக்கலாம், நிறையப் பேர் குழம்புறது இதிலதான். எக்ஸோஸ்ட் லீக் எண்டா சூடேற ஏற பெரும்பாலும் குறையும், ஏத்தத்தில அக்சிலரேட்டர் அமத்தினா கூடும். டாப்பெட் எண்டா சூடானாப் பிறகும் அப்பிடியே இருக்கும், அப்ப வால்வு இடைவெளியை அளந்து பாருங்கோ, மைனருக்கு ஆறின இஞ்சினில 0.012 அங்குலம்.

இன்னும் சந்தேகமெண்டா இஞ்சினை நிப்பாட்டி ஒரு ப்ளக் வயரைக் கழட்டி அதின்ர முனை இஞ்சின் இரும்பில படுற மாதிரி வச்சிட்டு சில செக்கன் மட்டும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ. எந்த சிலிண்டரை நிப்பாட்டேக்க டிக் சத்தம் அமருதோ அந்தப் பக்கம்தான் லீக். மைனர், மினி இஞ்சின்களில எக்ஸோஸ்ட் வெளியேறுற நடு வாய் 2ஆம் 3ஆம் சிலிண்டருக்குப் பொது, அதால அந்த ரெண்டில எதை நிப்பாட்டினாலும் சத்தம் மாறினா நடுவைப் பாருங்கோ.

பின்பக்கத்துக்கு நல்ல வழி துணி. ஆறின காரை ஸ்டார்ட் பண்ணி, தடிச்ச கையுறை போட்டு, மடிச்ச துணியால பைப் வாயை சில செக்கன் பாதி அடையுங்கோ, இன்னொராள் பைப் வழிய காது குடுக்கோணும். ஓட்டை இருந்தா ஸ்ஸ் எண்டு சத்தம் கூடும். இடம் சரியாத் தெரியாட்டி இஞ்சினை நிப்பாட்டிட்டு, காத்தை வெளிய ஊதக்கூடிய வேக்கியூம் கிளீனரை பைப் வாயில வச்சு மெல்லமா ஊத விட்டு ஜொயின்ட் எல்லாம் சவர்க்காரத் தண்ணி அடிங்கோ, முட்டை முட்டையா நுரைக்கும். எனக்கு இதுதான் எல்லாத்திலயும் பிடிச்ச முறை, சூடும் இல்ல விசவாயுவும் இல்ல. ஊதுபத்தி புகையால பாக்கிறது சிலருக்குப் பழக்கம். அதை சைலன்சர் பக்கம் மட்டும் வச்சுக்கொள்ளுங்கோ, மைனரில காபரேட்டர் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்டுக்கு நேர மேல இருக்கு, ஒரு சொட்டு பெற்றோல் ஒழுகினாலும் போச்சு.

சைலன்சர் ஏன் இவ்வளவு கெதியா உக்குது எண்டா, ஒரு லீட்டர் பெற்றோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லீட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். கடைக்கும் கோயிலுக்கும் எண்டு கிட்டக் கிட்ட ஓடுற காரில சைலன்சர் சூடாகாம அது உள்ளயே தங்கும், வெளிய கடல் உப்புக்காத்து. ஆனா சைலன்சருக்குக் கீழ கொம்பனியே விட்ட சின்ன ஓட்டை ஒண்டு சிலதில இருக்கும், தண்ணி வடியத்தான், அதை லீக்கெண்டு வெல்டிங் பண்ணி அடைச்சா இன்னும் கெதியா உக்கிப்போகும். பீட்டில்காரர் பின்னால இருக்கிற ஹீட்டர் பெட்டிகளையும் பாக்கோணும். கொழும்பில ஒருத்தரும் ஹீட்டர் போடுறதில்லைத்தான், ஆனா அதின்ர மூடி துருப்பிடிச்சு திறந்தபடி நிண்டா, உள்ள லீக் இருந்தா புகை நேர ஆக்கள் இருக்கிற பக்கம் வரும். எந்தக் காரெண்டாலும் கார்பெட்டைத் தூக்கி தரையில ஓட்டை இருக்கோ எண்டும் பாருங்கோ.

லீக் மெனிஃபோல்ட் கேஸ்கட்டில (மெனிஃபோல்டுக்கும் இஞ்சின் தலைக்கும் நடுவில அடைப்பா வைக்கிற தகடு) எண்டா புதுசு போடுறதுதான் ஒரே வழி, பேஸ்ட் பூசி ஓட வேணாம், பேஸ்ட் பைப் ஜொயின்டுகளுக்குத்தான். பழைய கேஸ்கட்டில அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், காய்ஞ்சபடி சுரண்டாம நல்லா நனைச்சு எடுங்கோ. மைனரில உள்ள எடுக்கிறதும் வெளிய விடுறதும் ரெண்டு மெனிஃபோல்டும் ஒரே கேஸ்கட், நடு நட்டுகளுக்குக் கீழ இருக்கிற தடிச்ச வாஷர்தான் ரெண்டையும் சேத்து அமத்துது, ஆரும் முந்தி மெல்லிய வாஷர் போட்டிருந்தா ஒரு பக்கம் இறுகாது, புது கேஸ்கட்டும் கெதியில ஊதும். நேரான இரும்புச் சட்டம் ஒண்டை மெனிஃபோல்ட் முகத்தில வச்சு வளைவும் பாருங்கோ. நட்டுக்கு அரை அங்குலச் சாவி போடுங்கோ, 13 மில்லிமீட்டர் போட்டா கொஞ்சம் லூஸ், பித்தளை நட் முனை உருண்டிடும். நடுவில இருந்து வெளிய பாத்து கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒருக்கா நல்லா ஓடி, திரும்ப முழுசா ஆறினாப் பிறகு இன்னொருக்கா இறுக்குங்கோ, பலமா இழுத்தா ஸ்டட் (நட் ஏறுற திருகு கம்பி) முறியும்.